விடியுமுன் ஒரு பிரார்த்தனை

கோலார் தங்கவயலின் கோரமண்டலில் வாழும் கிறிஸ்தவத் தமிழர்களின் பொழுதை ஒருகாலத்தில் சுரங்கச் சங்கு வகுத்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பலருக்கு விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இருட்டியபின் திரும்புவதே வாழ்க்கையாயிற்று. அவர்களிடம் 'தினமும் காலையில் ஜெபியுங்கள்' என்று உபதேசிப்பது எளிது. நேரம் எங்கே? உடலில் தெம்பு எங்கே? (கிறிஸ்தவர்கள் ஜெபம் என்பது பிரார்த்தனையை, நாம ஜபத்தை அன்று.)

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைக் காண்போம். கப்பர்நகூமில் சூரியன் மறைந்ததும் ஊரே இயேசுவின் வாசலில் திரண்டது. நோயுற்றோர் பலரை அவர் குணப்படுத்தினார். மறுநாள் இருட்டோடே எழுந்து, தனியிடம் சென்று ஜெபித்தார். ஓய்வான நாளுக்குப் பின் வந்த விடியல் அன்று அது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

இஸ்ரவேலருக்குப் பாலைவனத்தில் கிடைத்த மன்னாவையும் காலைதோறும் சேகரிக்க வேண்டியிருந்தது. வெயில் ஏறினால் உருகிவிடும். மறுநாளைக்கென வைத்தால் புழுத்துவிடும். ஓய்வுநாளுக்கு முந்தைய தினம் மட்டுமே விலக்கு. ஞாயிறு ஆராதனையை வாரம் முழுமைக்கும் சேமித்து வைக்க நினைப்போர் இதைச் சிந்திக்கலாம்.

ஆகவே அளவு சிறிதாகலாம், நாள் தவறலாகாது. முகம் கழுவியதும், அடுப்பு மூட்டுமுன் ஐந்து நிமிடம் போதும். மனம் ஒன்றிய பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் ரயில் போய்விடும். ஜெபத்தின் நடுவே குழந்தை அழலாம். கப்பர்நகூமிலும் சீடர்கள் தேடி வந்துவிட்டனர். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார்.