பனிப்பலகையும் ஓர் அமானிதமே

புகழனைத்தும் வானங்களையும் பூமியையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலம் வந்துவிட்டால், ஒரு கூட்டத்தாருக்கு உறக்கம் போய்விடுகிறது. பெரிய பனிப்புயல் ஒன்று உருவாகிறது என்ற செய்தி கிடைத்தால் போதும். கணினியில் வரும் வானிலைப் படங்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டு, காற்று எத்திசையில் திரும்புகிறது, கடற்கரையை ஒட்டி வருமா, விலகிப் போகுமா என்று ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். இவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் அல்லர். மாணவர்கள், விவசாயிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். வானத்தைப் பார்ப்பதில் உள்ள ஆசை ஒன்றே இவர்களை ஒன்று சேர்த்திருக்கிறது.

வானத்தைப் பார்த்துச் சிந்திக்கும்படி திருமறை பல இடங்களில் ஏவுகிறது. அன்னூர் அத்தியாயத்திலோ, மேகங்கள் மெல்ல ஓட்டப்படுவதையும், ஒன்று சேர்க்கப்படுவதையும், அடுக்கடுக்காக ஆக்கப்படுவதையும், அவற்றினின்று மழையும் ஆலங்கட்டியும் இறங்குவதையும் வரிசையாகச் சொல்லி, கண்ணுடையோருக்கு இதில் படிப்பினை உண்டு என்கிறது. ஆகவே பார்ப்பது குற்றமன்று. எந்த உள்ளத்தோடு பார்க்கிறோம், பார்த்ததை எவ்வாறு பிறருக்குச் சொல்கிறோம் என்பதே கேள்வி.

மறைவான ஞானமா?

"மழை எப்போது பெய்யும் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரிந்த விஷயமாயிற்றே! முன்கூட்டியே சொல்வது ஈமானுக்குப் பங்கமாகாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். மறைவானவற்றின் பூரண ஞானம் அவனிடமே இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வானிலை ஆராய்ச்சி என்பது குறி சொல்வதன்று. நாளுக்கு இருமுறை உலகின் பல நூறு இடங்களிலிருந்து பலூன்களை மேலே அனுப்பி, காற்றின் வெப்பம், ஈரம், வேகம் ஆகியவற்றை அளந்து, அந்தக் கணக்கைக் கொண்டு நாளை என்ன நிகழக்கூடும் என்று கூறுகிறார்கள். மருத்துவர் நாடி பார்த்து நோயின் போக்கைச் சொல்வது போன்றதே இது.

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு உறைமழையே சான்று. உயரத்தில் வெண்பனியாகப் புறப்படுவது, இடையிலுள்ள சூடான காற்றில் உருகி நீராகிறது. தரையை ஒட்டி உறைநிலைக்குக் கீழான குளிர்காற்று மெல்லிய படலமாகக் கிடந்தால், அந்த நீர்த்துளி மரத்தையோ கம்பியையோ தொட்டவுடன் ஐஸாகிவிடுகிறது. ஓரிரண்டு டிகிரி மாறினால் அதுவே வெறும் மழை, அல்லது வெறும் பனி. இவ்வளவு மெல்லிய கோட்டின் மீது நிற்கும் கணக்கைச் சொல்பவன், "நிச்சயம் இப்படித்தான்" என்று அடித்துப் பேசலாமா? "இன்ஷா அல்லாஹ்" என்ற சொல் நாவுக்கு அழகுக்காகக் கொடுக்கப்பட்டதன்று. அறிவின் எல்லையை நினைவூட்டவே கொடுக்கப்பட்டது.

ஹுதைபிய்யாவில் இரவில் மழை பெய்தபின், பஜ்ருத் தொழுகை முடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள், மழையை அல்லாஹ்வின் அருள் என்போரையும் இன்ன நட்சத்திரத்தால் வந்தது என்போரையும் வேறு பிரித்துக் காட்டினார்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பது தடையன்று. காரணத்தைக் கண்டவன் காரணகர்த்தனை மறப்பதே தடை.

மேகத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள்

இந்த ஆர்வலர்களுள் பலர் தம் ஊருக்குப் புயல் வர வேண்டுமென்று ஏங்குகிறார்கள். விலகிப் போனால் துக்கப்படுகிறார்கள். வெண்பனி போர்த்திய காலைப்பொழுதின் அழகு அப்படிப்பட்டது. அந்த அழகை ரசிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. தம் பாவங்களைப் பனியினாலும் ஆலங்கட்டியினாலும் கழுவித் தூய்மையாக்கும்படி நாயகம் (ஸல்) அவர்களே துஆவில் வேண்டியிருக்கிறார்கள்.

ஆயினும் ஆது கூட்டத்தாரின் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். தங்கள் பள்ளத்தாக்கை நோக்கி வந்த மேகத்தைக் கண்டு, நமக்கு மழை தரும் மேகம் என்று களித்தார்கள். வந்ததோ வேதனையைச் சுமந்த காற்று. இதனாலேயே, வானில் கருமேகம் தோன்றினால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிடும். உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள். மழை பெய்த பின்னரே அமைதி அடைவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மக்கள் மேகத்தைக் கண்டு மகிழ்கிறார்களே, தாங்கள் மட்டும் கவலைப்படுவதேன் என்று அன்னையவர்கள் கேட்டபோது, ஆது கூட்டத்தாரின் கதியைத்தான் நினைவூட்டினார்கள்.

நாம் சன்னலருகே அமர்ந்து ரசிக்கும் அதே பனி, வீடற்றவனுக்கு மரணப் படுக்கையாகலாம். ரசிக்கும் கண்ணோடு அஞ்சும் நெஞ்சமும் வேண்டும்.

அளவில் மோசம் கூடாது

அமெரிக்காவில் தொண்டர்கள் நாள்தோறும் மழையையும் பனியையும் அளந்து அரசாங்கத்துக்கு அனுப்பும் ஏற்பாடு 1890ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. 1997இல் கொலராடோவின் போர்ட் காலின்ஸ் நகரில் பெருவெள்ளம் வந்ததையடுத்து, 1998இல் கோகோராஸ் என்ற மற்றொரு தொண்டர் அமைப்பும் தோன்றியது. மழையே பெய்யாத நாளிலும் "பூஜ்யம்" என்று எழுதி அனுப்பும்படி இவர்களிடம் கேட்டுக்கொள்ளப்படுகிறது. ஏன்? ஒன்றும் எழுதாவிட்டால், மழை பெய்யவில்லையா, அளப்பவர் அளக்கவில்லையா என்பது தெரியாதல்லவா? இல்லாததை இல்லை என்று சொல்வதும் சாட்சியந்தான்.

பனியை அளப்பதற்கு வெள்ளைச் சாயம் பூசிய பலகை ஒன்றைத் திறந்த வெளியில் வைப்பார்கள். பனி விழ விழத் தன் பாரத்தால் தானே அமுங்கும். ஆகவே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பலகையைத் துடைக்கக் கூடாது என்பது விதி. அடிக்கடி அளந்து துடைத்துக் கூட்டினால், உண்மையை விடக் கூடுதலான அளவு வந்துவிடும்.

2016 ஜனவரியில் வீசிய பெரும் பனிப்புயலில் இது சோதனைக்கு வந்தது. வாஷிங்டன் விமான நிலையத்தில் அளப்போரின் பலகையே பனிக்குள் புதைந்து காணாமற் போயிற்று. நியூவர்க் விமான நிலையத்தில் மணிக்கொருமுறை அளந்துவிட்டார்கள். அதிகாரிகள் குழு வைத்து விசாரித்தனர். மூன்று மாதங்களுக்குப் பின், நியூவர்க் அளவு செல்லாது என்றும், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் அளவு 26.8 அங்குலம் அல்ல, 27.5 அங்குலம் என்றும் திருத்தி அறிவித்தனர். 1869 முதல் அங்கே எழுதப்பட்டுவந்த பதிவுகளில் இதுவே மிகப் பெரியதாயிற்று.

அங்குலத்தின் பத்தில் ஒரு பங்குக்காக இவ்வளவு விசாரணையா என்று வியக்காதீர்கள். அளவில் மோசம் செய்வோருக்குக் கேடுதான் என்று இறைமறை ஓர் அத்தியாயத்தையே தொடங்குகிறது. அது அரிசி அளக்கும் படிக்கு மட்டும் சொல்லப்பட்டதா? தன் ஊரில்தான் அதிகம் பெய்தது என்ற பெருமைக்காகப் பனிமேடு குவிந்த இடத்தில் அளவுகோலை நட்டு அனுப்புகிறவனும் அளவில் மோசக்காரனே. எத்தனை உப்பு வண்டிகளை அனுப்புவது, எந்தக் கூரை பாரம் தாங்காது, எந்த ஆற்றில் உருகிய நீர் பெருகும் என்பதெல்லாம் அந்த எண்ணை நம்பியே தீர்மானிக்கப்படுகின்றன. பனிப்பலகையும் ஓர் அமானிதமே!

கேட்டதையெல்லாம் பரப்பலாமா?

புயலுக்குப் பத்து நாட்கள் முன்னதாகவே, கணினி காட்டும் பல படங்களுள் மிகப் பயங்கரமான ஒன்றை மட்டும் எடுத்து ஊரெங்கும் பரப்புகிறவர்கள் உண்டு. அடுத்த சில மணி நேரத்தில் வரும் கணக்கில் அந்தப் புயலே இராது. ஆனால் பரவியது பரவியதுதான். காதில் விழுந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்பது நபிமொழியின் கருத்து.

இதனால் விளையும் கேடு என்ன? 1978 பிப்ரவரி 6ஆம் நாள் பாஸ்டன் பகுதியில் அதிகாலையில் பனி தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். விடிந்தபின்பும் பனியைக் காணோம். "வழக்கம்போல் தவறிவிட்டது" என்று எண்ணிப் பலரும் வேலைக்குப் போய்விட்டனர். முற்பகலில் தொடங்கிய பனி மறுநாள் வரை ஓயவில்லை, 27.1 அங்குலம் குவிந்தது. 128ஆம் எண் நெடுஞ்சாலையில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் சிக்கின. புகைக்குழாயைப் பனி அடைத்ததால், வண்டிக்குள்ளேயே நச்சுப்புகையால் 14 பேர் மாண்டனர். பொய்யான பயமுறுத்தல் ஒவ்வொன்றும், பின்னால் வரும் மெய்யான எச்சரிக்கையின் பலத்தைத் திருடிவிடுகிறது.

கணக்கு தவறும்போது நடந்துகொள்ளும் முறையும் உண்டு. 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரில் இரண்டடி வரையிலும் அதற்கு மேலும் பனி பெய்யும் என்று அறிவித்தார்கள். சுரங்க ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். புயலின் போக்கு சற்றே கிழக்கே நகர்ந்தது. சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலமே விழுந்தது; மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரிலோ 34.5 அங்குலம். தேசிய வானிலைச் சேவையின் அதிகாரி ஒருவர் தம் கணிப்புக்காகப் பொதுமக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவர் செய்தது மோசடியன்று, கணிப்புப் பிழைதான். எனினும் ஒளிக்கவில்லை. சொந்த வியாபாரத்திலும் குடும்பத்திலும் தவறு நேர்ந்தால் இவ்வாறு சொல்லும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

அறிந்தவனின் கடமை

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒண்டாரியோ பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் அமெரிக்க மாநிலங்களிலும் பல நாட்கள் தொடர்ந்து உறைமழை பெய்தது. மாண்ட்ரியலுக்குத் தெற்கே 100 மில்லிமீட்டர் அளவுக்கு விழுந்தது. ஐஸின் பாரம் தாங்காமல் மின்கோபுரங்கள் மடிந்தன. சுமார் 30,000 மரக்கம்பங்கள் சாய்ந்தன. லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. சிலருக்கு ஒரு மாதம் கடந்தும் மின்சாரம் வரவில்லை. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் நெருப்பு மூட்டியும் இயந்திரம் ஓட்டியும் நச்சுப்புகையால் இறந்தவர்கள் உண்டு. 2021இல் டெக்சாஸிலும் இதே துயரம் நிகழ்ந்தது; அந்தப் புயலில் இறந்தோர் 246 பேர் என்பது மாநில அரசின் கணக்கு. தூங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிடாதீர்கள் என்று 1400 ஆண்டுகளுக்கு முன்பே நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதன் அருமை இங்கே விளங்குகிறது.

ஆகவே புயலை முன்கூட்டி அறிந்தவனுக்குப் படம் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. அடுத்த வீட்டில் தனித்திருக்கும் முதியவரிடம் போர்வையும் உணவும் மருந்தும் இருக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும். கரி அடுப்பையும் மின்னாக்கியையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். நடைபாதையில் உறைந்த ஐஸை அகற்ற வேண்டும். பாதையிலிருந்து இடையூறு தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்றல்லவா?

அந்நாடுகளிலுள்ள பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. கடும் குளிரும் காற்றும் மிகுந்த இரவில், தத்தம் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கோடு சேர்த்து அறிவிக்கச் செய்தது நபிவழி. ஜமாஅத்தின் ஆசையால் முதியவர்களை வழுக்கும் சாலையில் இறக்கிவிடாதீர்கள். சலுகையும் அல்லாஹ் தந்ததே.

புயல் காலத்தில் செய்தி பரப்பும் நம் ஊர்க்காரர்களுக்கும் இதுவே பாடம். உறுதி செய்; உள்ளதைச் சொல்; தவறினால் திருத்து; அறிந்ததைக் கொண்டு உதவு.

யா அல்லாஹ்! உன் அத்தாட்சிகளைக் கண்டு அஞ்சும் உள்ளத்தையும், கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் நாவையும், குளிரில் நடுங்குவோரை நோக்கி நீளும் கரத்தையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.