முதலாளியின் முகமும் டிரைவரின் தூக்கமும்



அரவைக் காலம் வந்தால் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளை நாம் தினமும் பார்க்கிறோம். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூருக்கும் சேலத்துக்கும் போகும் லாரிகளையும் அறிவோம். உளுந்தூர்ப்பேட்டை – சேலம் நெடுஞ்சாலையில் இரவு பகல் என்றில்லாமல் பெரிய லாரிகள் ஓடுகின்றன. வண்டியை அறிந்திருக்கிறோம், அதை ஓட்டுகிறவரை அறிந்திருக்கிறோமா? அவரை வேலைக்கு வைத்தவராவது அவரை அறிவாரா?

இதிலிருந்து ஒரு கேள்வி எழும்புகிறது. முதலாளி தொழிலாளியை நேரில் அறிந்து, உறவு பாராட்டி நடத்துவது மேலா? அல்லது பெரிய கம்பெனிகளைப்போல, ஆள் இன்னார் என்று பாராமல், எழுதிய விதிப்படி நடத்துவது மேலா? பார்த்தால் சிறிய கேள்விதான். ஆனால் நீதி என்றால் என்ன, அன்பு என்றால் என்ன என்பதை இந்தக் கேள்வி நம்மிடம் கேட்கிறது.

முதலில் உறவு பாராட்டும் முதலாளியைப் பார்ப்போம். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு முதலிய ஊர்கள் நமக்கு வெகுதூரமல்ல. அங்கே சொந்த லாரி வைத்திருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் கிளீனராய் ஏறி, டிரைவராய் உயர்ந்து, பிறகு வண்டி வாங்கியவர்கள். நம் தேசம் முழுவதிலுமே ஒன்றிரண்டு லாரி மட்டும் வைத்திருப்பவர்கள்தாம் அதிகம். இப்படிப்பட்ட முதலாளி டிரைவரைப் பெயர் சொல்லி அழைப்பார். "தம்பி, சாப்பிட்டாயா?" என்று கேட்பார். வீட்டில் பிரசவம் என்றால் கையிலிருப்பதை எடுத்துக் கொடுப்பார். மகள் கலியாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருவார். இதை அற்பமாய் எண்ணலாகாது. மனிதன் கூலியினால் மட்டும் பிழைப்பதில்லை, மதிப்பினாலும் பிழைக்கிறான்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. "நீ நம் வீட்டுப் பிள்ளை" என்று சொல்லும் அதே வாய், கணக்குப் பார்க்கும் நாளில் வேறு பேச்சுப் பேசுவதும் உண்டு. சம்பளத்துக்குத் தேதி கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சுத்தான். டீசல் கூடச் செலவாயிற்று, தார்ப்பாய் கிழிந்தது, மூட்டை குறைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பிடித்தம். கலியாணத்துக்குக் கொடுத்த பணம் முன்பணமாக நோட்டில் ஏறிவிடும். அது தீரும்வரை வேறிடம் போக முடியாது. நியாயம் கேட்டால், "உப்பிட்டவரை மறந்தான்" என்ற பேர். இங்கே அன்பு, கட்டிப்போடும் கயிறாகிவிட்டது.

இனி பெரிய கம்பெனியைப் பார்ப்போம். நல்ல கம்பெனியாயிருந்தால், மாதம் பிறந்ததும் சம்பளம் வங்கியில் ஏறிவிடும். வருங்கால வைப்பு நிதி உண்டு, விடுப்பு உண்டு, பிடித்தத்துக்குக் காரணம் காகிதத்தில் இருக்கும். "நீ எந்தத் தெரு? யாருடைய பிள்ளை?" என்று அது கேட்பதில்லை. சாதியின் பேரால் மனிதனை அளக்கும் நம் நாட்டில், ஆள் பாராமல் நடத்துவது ஒரு பெரிய உபகாரம் என்பதை மறக்கலாகாது. சர்வேசுரன் முகத்தாட்சணியம் பாராதவர் என்றல்லவா வேதம் போதிக்கிறது?

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. அங்கே டிரைவருக்கு ஓர் எண்தான் பெயர். வண்டி எங்கே நிற்கிறது என்பதை ஜி.பி.எஸ். கருவி ஆபீசுக்குக் காட்டிக் கொடுக்கும். ஏன் நிற்கிறது என்பதைக் காட்டாது. டிரைவர் காய்ச்சலாய்ப் படுத்திருக்கலாம். கண் சொருகி ஓரங்கட்டியிருக்கலாம். "ஏன் வண்டி நகரவில்லை?" என்று, அவர் ஒருநாளும் கண்டிராத ஒருவரின் குரல் போனில் அதட்டும். அந்தக் குரலை விசாரித்தால், "மானேஜர் உத்தரவு" என்பார். மானேஜர், "தலைமை ஆபீஸ் உத்தரவு" என்பார். தலைமை ஆபீசோ, "சரக்கு அனுப்பினவருடைய ஒப்பந்தம்" என்று சொல்லிவிடும். இப்படி எல்லோரும் விலகிக்கொள்ள, விபத்து நடந்த நாளில் ஜனங்களின் கோபத்துக்கும் வழக்குக்கும் முன்னால் நிற்பவர் டிரைவர் ஒருவரே.

ஆகையால் எது மேல்? உறவா, விதியா? பிரியமானவர்களே, கேள்வியை இப்படி வைப்பதே சரியல்ல. நீதி வேறு, பிறர் சிநேகம் வேறு. அவரவர்க்கு உரியதைக் கொடுப்பது நீதி. உரியதற்கு மேலும் மனமுவந்து கொடுப்பது சிநேகம். முந்தின கடனைத் தீர்க்காமல் பிந்தினதைக் கொடுக்க ஒருவராலும் இயலாது. நிறுத்தி வைத்த கூலியிலிருந்து கலியாண மொய் எழுதுகிறவர் தர்மம் செய்யவில்லை. டிரைவருடைய பணத்தையே டிரைவருக்குக் கொடுத்து, நன்றியையும் வாங்கிக்கொள்ளுகிறார். அதேபோல, விதியை மட்டும் நிறைவேற்றிவிட்டு ஆளைக் காணாதிருப்பவர், நீதியிலும் பாதியைத்தான் நிறைவேற்றுகிறார். மனிதனுக்கு உரியவற்றுள் மனிதனாக எண்ணப்படுவதும் ஒன்றல்லவா?

பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ம் ஆண்டில் "ரேரும் நோவாரும்" என்ற நிருபத்தில் இவ்விரண்டையும் சேர்த்தே போதித்தார். உழைப்பாளியை லாபம் சம்பாதிக்கும் கருவியாக நடத்தலாகாது என்றார்; நியாயமான கூலியும், உடலுக்கும் ஆத்துமத்துக்கும் வேண்டிய ஓய்வும் அவனுக்குச் சேரவேண்டும் என்றார். சுவிசேஷத்தில் வரும் நூற்றுவர் தலைவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரைக் கட்டளையால் நடத்தியவன் அவன்; "போ" என்றால் போவார்கள், "வா" என்றால் வருவார்கள். ஆனாலும் தன் ஊழியன் ஒருவன் வீட்டில் நோயாய்க் கிடப்பதை அறிந்திருந்தான்; அவனுக்காகத் தானே மன்றாடினான். கட்டளையும் கருணையும் ஒரே மனிதனிடத்தில் இருக்கக் கூடும்.

ஒரு முதலாளியோ கம்பெனியோ டிரைவரைச் சரியாய் நடத்துகிறதா என்பதை அறிய ஓர் உரைகல் சொல்லுகிறேன். "எனக்குத் தூக்கம் வருகிறது, இன்றிரவு ஓட்ட மாட்டேன்" என்று டிரைவர் பயமின்றிச் சொல்ல முடியுமா? சொன்னால் கூலியோ வேலையோ போகாமல் இருக்குமா? முடியும் என்றால், அங்கே மனிதன் மதிக்கப்படுகிறான். முடியாது என்றால், "தம்பி" என்று அழைத்தும் பயனில்லை; மாதச் சம்பளச் சீட்டுக் கொடுத்தும் பயனில்லை.

இது வெறும் பேச்சல்ல. சேவ்லைப் பவுண்டேஷன் என்ற சங்கத்தார் 2020-ல் பத்து நகரங்களில் 1,300-க்கு மேற்பட்ட லாரி டிரைவர்களை விசாரித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர், களைப்பாயிருந்தாலும் தூக்கம் வந்தாலும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். சட்டம் இல்லாமலில்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நெடுந்தூர ஓட்டத்துக்குச் சில விலக்குகளோடு, நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று வரையறுத்தது. ஐந்து மணி வேலைக்குள் அரைமணி ஓய்வும், வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் வைத்தது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் தொழிலாளரை வைத்திருக்கும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. 2020-ல் இயற்றிய புதிய தொகுப்புச் சட்டத்தில் அதுவும் சேர்க்கப்பட்டது. தேசிய பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியோ 2018-ல் எடுக்கப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று விதித்தது நல்லதே. ஆனால் குளிர்ந்த அறையிலும் தூக்கம் தூக்கந்தான்.

"சாமி, வாடகை கட்டுப்படியாகவில்லை, வண்டித் தவணை கழுத்தை நெரிக்கிறது, நாங்கள் என்ன செய்வோம்?" என்று சிறு முதலாளிகள் கேட்கலாம். அவர்கள் கஷ்டம் மெய்தான். ஆனால் அந்தக் கஷ்டத்தை இன்னொருவருடைய கண்ணிமையின்மேல் ஏற்றிவைக்க யாருக்கும் உரிமையில்லை. இரவில் எதிரே வரும் பேருந்திலும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

இப்பொழுது நாம் செய்யத்தக்கதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். முதலாவது, வண்டி வைத்திருப்பவர்கள்: சம்பளம், படி, பிடித்தம் எல்லாவற்றையும் எழுதி, டிரைவர் கையிலும் ஒரு நகல் கொடுங்கள். உதவியாய்க் கொடுத்தது உதவியாய் இருக்கட்டும். கடனாய்க் கொடுத்ததைக் கடன் என்று அன்றே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, கம்பெனி ஆபீசுகளில் வேலை பார்க்கும் நம் வாலிபர்கள்: போனை எடுத்ததும், "வண்டி எங்கே?" என்று கேட்பதற்குமுன், "நீங்கள் எப்படியிருக்கிறீர்கள்? தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். இதற்கு எந்த மானேஜர் உத்தரவும் தேவையில்லை. மூன்றாவது, கடை, மண்டி, ஆலை வைத்திருப்பவர்கள்: சரக்கு இறக்காமல் லாரியை நாள் முழுவதும் காக்கவைத்து, இழந்த நேரத்தை இரவில் ஓடிப் பிடிக்கும்படி செய்யாதேயுங்கள். காத்திருக்கிறவருக்குக் குளிக்கத் தண்ணீரும், படுக்க நிழலும் கொடுங்கள். நான்காவது, டிரைவர்களுடைய வீட்டார்: வண்டியை ஓரங்கட்டித் தூங்கினதால் ஒருநாள் பிந்தி வந்தால், கோபிக்காமல் சந்தோஷமாய் வரவேற்றுக் கொள்ளுங்கள்.

கடைசியாய் ஒன்று. நாளைக்கே உங்கள் வாசலிலோ வயலோரத்திலோ ஒரு லாரி வந்து நிற்கும். அதை ஓட்டி வந்தவரின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லியே அவரோடு பேசுங்கள். பேசினபிறகு, அவருக்குச் சேரவேண்டிய காசைக் குறைக்காமலும் தாமதியாமலும் எண்ணிக் கொடுங்கள். இரண்டையும் செய்யுங்கள், ஒன்றைச் செய்ததற்காக மற்றதை விட்டுவிடாதேயுங்கள்.

உங்கள் பங்குக் குரு