அட்சய திருதியை – குறையாச் செல்வம் எது?



வைசாக மாதத்து வளர்பிறையின் மூன்றாம் நாள் அட்சய திருதியை எனப் போற்றப்படுகிறது. ‘க்ஷயம்’ என்பது தேய்வு. ‘அக்ஷயம்’ என்பது தேயாதது, குறையாதது. இந்நாளில் தொடங்கும் நற்செயல் குறைவின்றி வளரும் என்பது பாரத நாட்டு மக்களின் நெடுநாளைய நம்பிக்கை.

இந்து சமயத்தார் இந்நாளோடு பல வரலாறுகளை இணைத்துக் கூறுவர். வனவாசத்தில் விருந்தினர்க்கு உணவளிக்க வழியின்றித் தருமர் வருந்தியபோது, கதிரவன் அட்சய பாத்திரத்தை அருளினான் என்பது ஒன்று. வறுமையில் வாடிய குசேலர் ஒரு பிடி அவலைக் கண்ணனுக்கு அளித்து, கேளாமலே பெருஞ்செல்வம் பெற்றார் என்பது மற்றொன்று. பரசுராமர் தோன்றிய நாளும் இதுவே என்பர். பூரி ஜகந்நாதருக்குத் தேர் செய்யும் பணி இன்று தொடங்குகிறது. ஒடிசா உழவர் இன்று முதல் விதையை நிலத்தில் இடுகின்றனர். சிம்மாசலத்தில் சந்தனக் காப்பு நீக்கிய திருவுருவை அன்பர்கள் காண்கின்றனர். நம் தமிழகத்துக் குடந்தையில் பெருமாள்கள் பலர் கருட வாகனத்தில் ஒருங்கே எழுந்தருளுகின்றனர். கோடையின் கொடுமை தணிய நீர்க்குடம், விசிறி, தயிர்ச்சோறு ஆகியவற்றைத் தானம் செய்வதும் பழைய வழக்கம்.

இவற்றை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை விளங்கும். பாத்திரம் கிடைத்தது விருந்தோம்பற்கு. அவல் சென்றது அன்புக் காணிக்கையாக. விதையும் மண்ணுக்கு ஈயப்படுவதே. ஈதலே இந்நாளின் உயிர், வாங்குதல் அன்று.

நம் ஜினாகமம் கூறும் வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. 24 தீர்த்தங்கரருள் முதல்வராகிய ஆதிபகவன் ரிஷபதேவர் அரசு துறந்து, ஆறு திங்கள் உண்ணா நோன்புடன் யோகத்தில் நின்றார். பின்னர் முனிவர்கள் உணவு ஏற்கும் நெறியை உலகிற்குக் காட்டத் திருவுளங்கொண்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மௌன விரதியாகிய பகவான் எதனையும் வாய்திறந்து கேளார். மக்களோ தம் பழைய மன்னரைக் கண்டு மகிழ்ந்து, யானை, குதிரை, பொன், மணி, பட்டாடை முதலியவற்றை அவர்முன் குவித்தனர். கன்னியரை அளிக்க முன்வந்தோரும் உண்டு. அனைத்தையும் துறந்தவர்க்கு அவற்றால் ஆவதென்ன? ஒரு கவளம் தூய உணவு தர அறிந்தார் ஒருவரும் இலர். இவ்வாறு ஓராண்டுக்கு மேலும் பகவான் உணவின்றியே இருந்தார்.

அத்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் தம்பி சிரேயாம்சன் பகவானைக் கண்டான். கண்ட அளவில் அவனுக்குப் பழம்பிறப்புணர்வு தோன்றிற்று. முற்பிறப்பில் பகவான் வச்சிரசங்கனாகவும் தான் அவன் தேவி ஸ்ரீமதியாகவும் இருந்து, சாரண முனிவர் இருவர்க்கு ஆகாரதானம் அளித்த நிகழ்ச்சி நினைவில் எழுந்தது. உடனே முறைப்படி எதிர்கொண்டு வணங்கி, தூய கருப்பஞ்சாற்றைப் பகவானின் குவிந்த கைகளில் வார்த்தான். வானவர் மணிமழையும் மலர்மழையும் பொழிந்தனர், துந்துபி முழங்கியது. பரதச் சக்கரவர்த்தியும் சிரேயாம்சனைத் தானநெறியைத் தொடங்கி வைத்தவனெனப் பாராட்டினான். மணிமழை பொழிந்தும், நாம் இன்று நினைந்து போற்றுவது அம்மணிகளை அன்று, கருப்பஞ்சாற்றையே. சுவேதாம்பர அன்பர்கள் ஓராண்டு கடந்தும் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணாதிருந்து, இந்நாளில் அத்தினாபுரத்திலும் பாலிதானாவிலும் கருப்பஞ்சாறு அருந்தி நோன்பை நிறைவு செய்வதும் இதன் நினைவாகவே.

இந்நாளில் பொன் வாங்கினால் பொன் பெருகும் என்னும் எண்ணம் அண்மைக் காலத்தில் நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. கடன்பட்டேனும் ஒரு குண்டுமணிப் பொன்னாவது வாங்க வேண்டுமெனக் கடைவாயிலில் காத்து நிற்போரைக் காண்கிறோம். பொன் கள்வர்க்கு அஞ்சும், அடகுக்குப் போகும், இறக்கும்போது உடன் வாராது. கடனுக்கு வட்டியோ நாள்தோறும் வளரும். அங்ஙனமாயின் அந்நாளில் குறையாது பெருகுவது எது? பகவான்முன் அன்று பொன்னைக் குவித்த மக்களின் அறியாமைக்கும் நம் செயலுக்கும் வேற்றுமை யாது?

இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. அன்று மக்கள் உணவிடும் முறையை அறியாதிருந்தனர். ஏனெனில் கற்பிப்பார் இலர். இன்றோ நமக்கு நூல்கள் உள்ளன, முதியோர் உள்ளனர். எனினும் பிழைப்பின் பொருட்டு நகரங்களில் குடியேறிய நம் பிள்ளைகள் இம்முறையைக் கண்டறியும் வாய்ப்புக் குறைந்து வருகிறது. முனிவரை எதிர்கொள்ளல், உயர்ந்த இருக்கை அளித்தல், திருவடி விளக்குதல், அருச்சித்தல், வணங்குதல், மனம், சொல், உடல், உணவு ஆகிய நான்கின் தூய்மை எனும் நவவித பக்தியை இளையோர் கற்காவிடில், நம் வாயிலில் முனிவர் எழுந்தருளும் நாளில் நாமும் செய்வதறியாது நிற்க நேரும்.

ஆதலின், அட்சய திருதியையன்று ஆலயம் சென்று ஆதிநாதரை வழிபடுவோம். இல்லத்து மூத்தோர் சிரேயாம்சன் வரலாற்றைச் சிறார்க்கு எடுத்துரைத்து, ஒன்பது முறைகளையும் செய்து காட்டுவாராக. பொன்னுக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியையேனும் பசித்தோர்க்கு உணவாகவும், நோயுற்றோர்க்கு மருந்தாகவும், ஏழை மாணவர்க்கு நூலாகவும், அஞ்சிய உயிர்கட்கு அடைக்கலமாகவும் ஆக்குவோம். பிறர் பசி தணித்த புண்ணியமே பிறவிதோறும் தொடர்ந்து வருவது. சிரேயாம்சனுக்கு உரிய வேளையில் உதவியதும் அதுவே. அக்குறையாச் செல்வத்தை நாமும் ஈட்டுவோமாக!

ஜினதருமம் ஓங்குக!