தெய்வத்துக்கு முதுகு வலிக்காதா?
ஃபேர்லேண்ட்ஸிலிருந்து மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனால், சக்கர நாற்காலி மணலில் புதையும். அவளைத் தூக்கி ஊஞ்சலில் உட்காரவைப்பேன். "நீ தெய்வம் கண்ணு" என்பார் ஒரு பாட்டி. அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் தாயைத் தெய்வமாக்கிவிட்டால், சரிவுப்பாதை போட வேண்டியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

2016 செப்டம்பரில், ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். காய்கறி விற்று வளர்த்த அம்மாவின் தியாகத்தைக் கொண்டாடினோம். அந்தத் தியாகம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்கவில்லை. அதே டிசம்பரில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பொழுதுபோக்கில் சமமாகப் பங்கேற்கும் உரிமையைக் காக்கும் பொறுப்பை அரசிடமும் உள்ளாட்சியிடமும் ஒப்படைக்கிறது. தாயிடம் அல்ல.

தாய் தூக்கினால் போதாதா? போதாது. நான் இல்லாத நேரத்திலும் அவள் ஆட வேண்டும். என்னைத் தவிர்த்து அவளுக்குத் தோழிகள் வேண்டும். என் கைகளால் மட்டுமே கிடைப்பது அவளுக்கு உரிமை ஆகாது, எனக்கு ஓய்வும் ஆகாது.

2022 நவம்பரில் மெரினாவில் அலைக்கு அருகே வரை மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. பொதுச்சொத்து என்பதால் சரிசெய்தார்கள். என் முதுகு யாருடைய சொத்து?