இரவல் வலிமை

கருவி ஒன்று தரும் வலிமையை மனிதன் தன் வலிமை என்று சொல்லிக்கொள்ளலாமா? பழமையான இந்த வினாவை மின்கிதார் வாசிப்போரின் காலடியில் கிடக்கும் சிறு பெட்டி ஒன்று நம் முன் புதிதாக வைக்கிறது. அதனைப் பூஸ்டர் பெடல் என்பர். அதன் உடன்பிறப்புப் போன்ற மற்றொன்று ப்ரீஆம்ப், அதாவது முன்பெருக்கி. இசையரங்கில் எவரும் இவற்றை உற்று நோக்குவதில்லை. ஆயினும் நாம் சற்றே நின்று நோக்கத்தக்க பாடம் இவற்றுள் உண்டு.

மின்கிதாரின் உடல் பெரும்பாலும் கெட்டியான மரம். மின்சாரமின்றி மீட்டினால் அடுத்த அறைக்குக்கூட அதன் ஒலி எட்டாது. எஃகுத் தந்திகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. இவ்வாறு பிறக்கும் மின்னழுத்தம் பொதுவாக ஒரு வோல்ட்டுக்கும் குறைவானது. நீண்ட கம்பியின் வழியே செல்கையில் அதன் கூரிய மேல் ஒலிகள் மழுங்கியும் போகின்றன. முன்பெருக்கி இந்த மெலிந்த ஒலியலையைத் தொடக்கத்திலேயே தாங்கிப் பிடித்து, அதன் தொனியையும் செப்பனிடுகிறது. பூஸ்டரின் பணி இன்னும் எளியது. வந்ததைப் பெரிதாக்கி, பெரிய ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடுவதே அதன் வேலை. 20 டெசிபெல் உயர்த்தினால் மின்னழுத்தம் 10 மடங்காகிறது.

இதைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிக்கக்கூடும். விரலால் எழுப்பப்படாத ஒலி கலைஞனுக்கு எப்படி உரியதாகும், இது ஒருவகை ஏமாற்று அன்றோ என்று அவர்கள் வினவுவர். இவ்வினாவை ஒதுக்கிவிட இயலாது. ஆனால், வீணைக்குக் குடமும் வயலினுக்கு மரப்பேழையும் எதற்காக? தந்தி மட்டும் தனித்து நின்று செவியை நிறைப்பதில்லை. மரமும் அதனுள் அடைபட்ட காற்றும் துணை நிற்பதாலேயே நாதம் பிறக்கிறது. துணை பெறுவதே பொய்யென்றால் உலகின் இசைக்கருவிகளுள் பெரும்பாலானவை பொய்யாகிவிடும். எனவே மெய்யையும் பொய்யையும் பிரிக்கும் கோடு மரத்துக்கும் மின்சாரத்துக்கும் இடையே இல்லை. அதனை வேறிடத்தில் தேட வேண்டும்.

அவ்விடத்தைக் காட்ட ஒரு மெய்ந்நிகழ்ச்சி உதவும். 1960களின் நடுவே இங்கிலாந்தில் டல்லாஸ் என்ற நிறுவனம் ரேஞ்ச்மாஸ்டர் என்னும் சிறு பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒரேயொரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்டு, மேல் ஒலிகளை உயர்த்தித் தரும் எளிய பூஸ்டர் அது. அயர்லாந்து நாட்டுக் கலைஞர் ரோரி கேலகர் அதனை வாக்ஸ் ஏசி 30 என்னும் வால்வு ஒலிபெருக்கியுடன் இணைத்து வாசித்தார். லண்டன் மார்க்கீ அரங்கில் அவர் வாசித்ததைக் கேட்டு வியந்த இளைஞருள் ஒருவர், பின்னாளில் குவீன் குழுவின் வழியே புகழ்பெற்ற பிரையன் மே. நிகழ்ச்சி முடிந்தபின் அவர் கேலகரை அணுகி, இந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கேலகர் ஒளிக்காமல் சொன்னார். மேயும் அவ்வாறே ஏசி 30 பெருக்கிகளையும் பூஸ்டரையும் வாங்கினார்.

பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்குரியது. ஒரே வகைப் பெட்டியும் ஒரே வகைப் பெருக்கியும் இருந்தும் மே மற்றொரு கேலகர் ஆகவில்லை. 1963இல் தொடங்கித் தந்தையும் மகனுமாக, பழைய கணப்படுப்பின் மேற்சட்ட மரத்தையும் கையில் கிடைத்த பொருள்களையும் கொண்டு தாமே செய்த கிதாரை மே வாசித்தார். ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டினார். அவரது தொனி அவருடையதாகவே ஒலித்தது. கேலகரின் தொனியும் கேலகருடையதாகவே நிலைத்தது. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்! பூஸ்டர் எதையும் படைப்பதில்லை. கை எழுப்பியதை ஏந்திச் செல்கிறது. கைக்குக் கட்டுப்பட்டு, கை செய்ததை ஏந்திச் செல்லும் வரையில் இரவல் வலிமையும் நமதே எனலாம். கை ஏதும் செய்யாதபோது தானே செய்ததாகக் காட்டத் தொடங்கினால் அங்கேதான் பொய் பிறக்கிறது. தன் அறிவைத் தயங்காமல் ஈந்த கேலகர் இதனை உணர்ந்திருப்பார் போலும். தன் ஒலி பெட்டிக்குள் இருப்பதாக எண்ணுபவன் அதனை மறைத்துவைப்பான். விரலில் இருப்பதாக அறிந்தவன் மறைக்கத் தேவையில்லை.

உரிமை நமதென்றால் பொறுப்பும் நமதாகிறது. பூஸ்டருக்கு நல்லது தீயது தெரியாது. இனிய இசையோடு, மின் இணைப்பின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும், விரல் வழுக்கிய உராய்வையும், தவறாகத் தொட்ட தந்தியையும் அது அதே அளவில் உயர்த்துகிறது. மெல்ல வாசித்தபோது எவர் செவிக்கும் எட்டாத பிழை, பெருக்கியபின் அரங்கெங்கும் எட்டுகிறது. ஆகவே பூஸ்டர் வாங்கியவன் முன்னிலும் தூய்மையாக வாசிக்கக் கற்க வேண்டும். பயன்படுத்தாத தந்திகளை உள்ளங்கையால் அடக்கிவைக்கவும் பழக வேண்டும்.

மனித வாழ்விலும் இப்படித்தான். வீட்டில் ஒருவர் முணுமுணுத்தால் அது முணுமுணுப்பு. அவரே ஆசிரியராகி வகுப்பறையில் ஒரு பிள்ளையைப் பார்த்து இகழ்ச்சியாய் ஒரு சொல் சொன்னால், நாற்பது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்த ஒரு பிள்ளை ஆண்டுகள் பல அச்சொல்லைச் சுமக்கிறது. சொன்னவர் தீயவர் அல்லர். முன்பிருந்த அதே சிறு குறைதான். அவர் நின்ற இடம் அதனைப் பெருக்கிவிட்டது. பதவி, பணம், பேனா, மேடை ஆகிய யாவும் பூஸ்டர்களே. இவை நம்மைக் கெடுத்துவிட்டன என்று நாம் சில வேளை பழி கூறுகிறோம். ஏற்கெனவே நம்மிடம் இருந்ததை அவை கேட்கச் செய்தன என்பதே பல வேளைகளில் உண்மை.

இன்னொன்றும் உண்டு. வால்வுப் பெருக்கிக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதனால் தர இயன்றதைவிட மிகுதியாகக் கேட்டால், அலையின் உச்சி தட்டையாக வெட்டுண்டு போகும். மூலத்தில் இல்லாத புதிய மேற்சுரங்கள் அப்போது தோன்றுகின்றன. அளவோடு அமைந்தால் அந்தக் கரகரப்பே ராக் இசையின் அழகு. அவ்வெல்லையைத் தாண்டியபின் பூஸ்டரை எவ்வளவு கூட்டினாலும் ஒலி பெரிதாக வளர்வதில்லை. மென்மைக்கும் வன்மைக்கும் உள்ள வேறுபாடு மட்டும் குறைந்துகொண்டே போகிறது. எப்போதும் உரத்துப் பேசுபவரின் சினத்தையும் அன்பையும் பிரித்தறிய இயலாமற் போவதை நாம் கண்டதில்லையா?

இதற்கு மே கண்ட வழி எளியது. அவர் பெருக்கியை முழு அளவில் வைத்தார், பூஸ்டரையும் இயங்கவிட்டார். தெளிந்த, மென்மையான ஒலி வேண்டும்போது கிதாரின் மீதுள்ள சிறு குமிழைத் தம் கையாலேயே குறைத்துக்கொண்டார். பின்னால் நின்ற ஆற்றல் குறையவில்லை. அதனுள் எவ்வளவு அனுப்புவது என்பதைத் தொடக்கத்தில் நின்ற விரல் முடிவு செய்தது.

நமக்கு வாய்த்த பெருக்கிகளை எல்லாம் நாம் துறந்துவிட வேண்டியதில்லை. மெலிந்த குரல் தொலைவுக்கு எட்ட அவை வேண்டும். நல்ல சொல் பலரை அடையவும் அவை வேண்டும். ஆனால் குமிழ் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவையில் எழுந்து பேசுமுன், பிள்ளையைக் கண்டிக்குமுன், கையெழுத்து இடுமுன் நம் விரல் ஒருகணம் அதனைத் தொட்டுப் பார்க்கட்டும்.