இன்னொன்று எங்கே?

தாம்பரத்தில் புறப்பட்டுக் கடற்கரைவரை போகும் காலை நேரத்து மின்சார ரயிலில், உட்கார இடம் கிடைத்தவர்களும், அவர்கள் எப்போது எழுந்திருப்பார்கள் என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பவர்களும் பேதமின்றிக் கலந்துகொள்ளக்கூடிய சம்பாஷணைகள் சிலவே உண்டு. அவற்றுள் பல வருஷங்களாகியும் சுவை குன்றாமல் நடந்துவருவது சினிமா ஹாஸ்யக் காட்சிகளைப் பற்றிய விவகாரம். இன்ன பாத்திரம் செய்தது சரியா, இன்ன வார்த்தையை வேண்டுமென்றே சொன்னானா, அறியாமல் சொன்னானா என்று, சொந்த மைத்துனனின் நடத்தையை ஆராய்வது போன்ற சிரத்தையோடு ஆராய்வார்கள். ஒரு நாள் சானடோரியத்தில் தொடங்கிப் பரங்கிமலைவரை நடந்த அப்படியொரு விசாரணை இன்னமும் என்னை விட்டபாடில்லை.

வழக்கு யாவரும் அறிந்ததே. 1989-ல் கங்கை அமரன் இயக்கி வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில், கவுண்டமணி ஒரு ரூபாயைக் கொடுத்து இரண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்கிறார். போன செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கொண்டுவந்து நீட்டுகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், அந்த இன்னொன்று இதுதான் என்கிறார். கேள்வி எந்த ஸ்தாயியில் எழுந்தாலும் பதில் மாறுவதில்லை.

எனக்கு எதிரே நின்றவர், அந்தப் பாத்திரம் வடிகட்டின அசடு என்றும், கணக்கு வராதவனைக் கடைக்கு அனுப்பினவன்மேல்தான் பிழை என்றும் சாதித்தார். இன்னொருவர் (இந்த வார்த்தையை எழுதவே கை கூசுகிறது) அசடனில்லை, எமகாதகன் என்றார். அசடனாயிருந்தால் நாலாவது தடவையாவது உளறியிருப்பான், சொன்ன சொல் பிசகாமல் நிற்பதே கள்ளனுக்கு அடையாளம் என்பது அவர் கட்சி. முகத்தில் ஒரு துளிக் கள்ளமும் தெரியவில்லையே என்று மறுத்தார் முதலாமவர். அதுவரை பேசாதிருந்த ஜன்னலோரத்து இளைஞர், “சார், அவன் சொன்னது பொய்யே இல்லையே” என்றார். பல்லாவரம் வந்தது, ஏறியவர்களின் நெருக்கத்தில் வாதம் சற்று ஓய்ந்தது. என் மனம் மட்டும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தது.

பொய் இல்லைதான். ‘இன்னொன்று’ என்பது குடம், பசு என்பவை போல ஒரு வஸ்துவுக்கு இட்ட நாமம் அன்று. ஒன்று மற்றொன்று அன்று என்னும் பேதத்துக்கு அன்யோன்யாபாவம் என்று பெயரிட்ட நையாயிகர்கள், எதிலிருந்து வேறு என்று காட்டும் பிரதியோகி இல்லாமல் அதைப் பேசவே முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கவுண்டமணிக்குக் கண்ணெதிரே இருக்கும் பழம் பிரதியோகி. ஆகவே இன்னொன்று என்பது காணாமற்போனது. செந்திலுக்கோ வயிற்றுக்குள் போனது முதலாவது; ஆகவே இன்னொன்று என்பது கண்ணெதிரே இருப்பது. இருவர் வாக்கியமும் அவரவர் நிலையில் யதார்த்தமே. நடுவில் பிரதியோகி ஓசைப்படாமல் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

வேதாந்த பாடம் கேட்டவர்களுக்கு இது பழகிய தடம். முன்னொரு நாள் வேறோர் ஊரில் கண்ட தேவதத்தனே இன்று இங்கே நிற்பவன் என்ற உதாரணத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் காலம் அந்த இடம், இந்தக் காலம் இந்த இடம் என்னும் விசேஷணங்களைக் கழித்து, ஆளை மட்டும் ஏகமாகக் கொண்டு, அவ்வழியே ‘தத்துவமஸி’க்குப் பொருள் காண்பார்கள் அத்வைதிகள், பாகத்தியாக லட்சணை என்று அதற்குப் பெயர். பேதத்தை அறியப் பிரதியோகியை வேறாக அறிந்திருக்க வேண்டும், அதை வேறாக அறியப் பேதத்தை அறிந்திருக்க வேண்டும் என்று அன்யோன்யாசிரய தோஷம் காட்டி, பேதமே சித்திக்காது என்று வாதித்த ஆசாரியர்களும் அவர்களுள் உண்டு. பேதம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதன்று, வஸ்துவின் ஸ்வரூபமே அதுதான் என்று மத்வ சித்தாந்திகள் திருப்பிச் சொன்னார்கள். அந்தக் கட்சி தெரிந்திருந்தால் கவுண்டமணிக்குத் தொண்டைத் தண்ணீராவது மிஞ்சியிருக்கும்.

‘அது’வையும் ‘இது’வையும் ஒன்றாக்கும் அந்த வாக்கிய அமைப்பைச் செந்தில் பிசகாமல் கையாள்கிறார். ஆனால் தேவதத்தன் ஒருவன், பழமோ இரண்டு. விசேஷணத்தைக் கழிப்பது வேறு, வஸ்துவையே கழித்துவிடுவது வேறு. அன்றியும், கேட்டவர் தேடியது தம் பழத்தை. கணக்குக் கேட்டவருக்கு அபேதம் உபதேசிக்கப்படுகிறது. அத்வைதத்தின்மேல் எனக்குள்ள மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஆனாலும் எல்லாம் ஒன்றே என்று யாராவது சொல்லும்போது, சொல்லுகிறவரின் வாய் எதையாவது மென்றுகொண்டிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் வயதாக ஆக எனக்கு வந்துவிட்டது. முதற் பந்தியில் உண்டு எழுந்தவர்களுக்கு ஏகத்துவம் சுலபமாகக் கைகூடுகிறது.

இந்த ‘இன்னொன்று’ தாம்பரத்துக்குப் புதியதும் அல்ல. ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் ரயில் பாதைக்குக் கிழக்கே இங்கே குடிபெயர, மறு வருஷம் டிசம்பரில் உலகக் கிறிஸ்தவ மிஷன்களின் மாநாடு அந்த வளாகத்தில் கூடிற்று. டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென்றே எழுதிய நூலில், பைபிளில் வெளிப்பட்ட தெய்வ வாக்குக்கும் ஏனைய சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று பேதத்தைத் தயவுதாட்சண்யமின்றி நிலைநாட்டியிருந்தார். அக்கல்லூரியில் பல்லாண்டு தத்துவம் போதித்தவரும் ராதாகிருஷ்ணனுக்கு ஆசிரியராயிருந்தவருமான ஏ. ஜி. ஹாக் அதற்கு முழுதும் இசையவில்லை. ஒரு சமயத்தின் கோட்பாடு வேறு, அதற்குள் வாழும் மனிதனின் விசுவாசம் வேறு. கிறிஸ்தவமல்லாத விசுவாசத்திலும் ஈசன் தன்னைக் காட்டுகிறான் என்பது, இந்து மாணவர்களோடு ஆயுட்காலம் பழகிய அவருடைய பக்ஷம். அந்த இன்னொன்று இதுவே என்று அவர் சொல்லிவிடவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்; இன்னொன்றை விழுங்காமலே அதற்கு மரியாதை செய்ய அவருக்குத் தெரிந்திருந்தது. இதை அந்த ரயிலில் சொல்லியிருக்கலாம்; அதற்குள் பரங்கிமலையில் பாதிப் பேர் மெட்ரோவுக்கு இறங்கிவிட்டார்கள், இளைஞரும் அவர்களோடு போய்விட்டார்.

சில நாள் கழித்துக் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயும் வெற்றிலை பாக்கும், வழக்கப்படி இரண்டு வாழைப்பழமும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பையை மேஜைமேல் கவிழ்த்து, தேங்காயை ஆட்டிப் பார்த்து ஒதுக்கி வைத்துவிட்டு, “பழம் ஒண்ணுதானே இருக்கு, இன்னொண்ணு எங்கே?” என்று கேட்டாள். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அதை உள்ளே தள்ளிவிட்டு, ரயில் சானடோரியம் தாண்டுவதற்குள் நான்தான் தின்றுவிட்டேன் என்றேன்.