புதியவர் அமரும் பலகை

பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொள்ளும் நம் இல்லங்களில் மாலை நேரம் சற்று நீளமானது. விளக்கேற்றித் துதி சொல்லி முடித்த பின்னரும் உறங்கச் செல்ல இரண்டு மணி நேரம் எஞ்சி நிற்கும். கோடை விடுமுறையில் மக்களும் பேரப்பிள்ளைகளும் சொந்த ஊரில் கூடும்பொழுது அந்த நேரத்தை நிரப்புவது பெரும்பாலும் ஏதேனும் ஒரு பலகை ஆட்டமே. "இன்று எதை ஆடலாம்?" என்று ஒருவர் கேட்பார். மற்றொருவர் பரணிலிருந்து ஒன்றை எடுத்து விரிப்பார். ஏனையோர் சுற்றி அமர்வர். இதில் அறம் சார்ந்த வினா ஏதும் உண்டா என்று நேயர்கள் புன்முறுவல் செய்யலாம். உண்டு என்பதை நான் எழுபதாம் வயதில்தான், அதுவும் என் பிழையாலேயே, அறிந்துகொண்டேன்.

2019-ஆம் ஆண்டு மே மாதம். வந்தவாசிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் வீட்டில் பதினான்கு பேர் கூடியிருந்தோம். என் அண்ணனின் பேரனுக்கு அவ்வாண்டு தை மாதத்தில்தான் திருமணம் நடந்திருந்தது. மணமகள் மும்பையில் வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். புகுந்த வீட்டார் அனைவரையும் ஒருசேரக் காண்பது அவளுக்கு அதுவே முதன்முறை. அன்று மாலை ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, மூத்தவள் என்ற மரியாதையால், என்னிடம் விட்டார்கள். நான் பல்லாங்குழியைக் கொண்டுவரச் சொன்னேன். புதுப்பெண்ணை எதிரில் அமர்த்தினேன்.

பல்லாங்குழி அழகான ஆட்டம். பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். எங்கள் வீட்டு வழக்கப்படி குழிக்கு ஐந்து சோழிகள். பார்ப்பதற்கு எளிது. ஆனால் எந்தக் குழியில் எடுத்தால் கை எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே எண்ணத் தெரிந்தவர்க்கும், தெரியாதவர்க்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. எனக்கு அந்தக் கணக்கு ஏழு வயது முதல் பழக்கம். முதற்சுற்றில் அவள் சோழிகளைப் பெரும்பாலும் அள்ளினேன். இரண்டாஞ்சுற்றில், நிரப்புவதற்குச் சோழியில்லாத அவளுடைய குழிகளை வழக்கம்போல் மூடி வைத்தோம். மூன்றாஞ்சுற்றில் அவள் பக்கத்தில் இரண்டே குழிகள் திறந்திருந்தன. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யாரும் தீய எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அவளும் சிரித்தாள். மறுநாள் மாலை விளையாட அழைத்தபோது, "எனக்கு இதெல்லாம் வராது, பாட்டி. நான் அடுக்களையில் இருக்கிறேன்" என்றாள். எஞ்சிய நான்கு நாட்களும் அவள் கூடத்தில் வந்து அமரவே இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் வகுப்பறையில் நின்றவள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து அரியதற்கு, கண்முன் உள்ளதிலிருந்து கருத்தளவில் உள்ளதற்கு என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். பள்ளிக்குப் புதிதாக வந்த குழந்தையை எழுப்பிக் கரும்பலகை முன் நிறுத்தி, அவ்வகுப்பின் கடினமான கணக்கை நான் ஒருநாளும் போடச் சொன்னதில்லை. அப்படியிருக்க, என் வீட்டுக் கூடத்தில் அதை ஏன் செய்தேன்? பல இரவுகள் இதை எண்ணிப் பார்த்தேன். நான் வெல்லக்கூடிய ஆட்டத்தை நான் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான். அவளைத் துன்புறுத்த வேண்டும் என்று நான் எண்ணவில்லை. அவளைப் பற்றி எண்ணவே இல்லை.

நம் அறநூலாசிரியர்கள் இம்சையின் வேரைக் கவனமின்மையில் கண்டார்கள். பகையினால் செய்வது மட்டுமன்று, விழிப்பில்லாமல் செய்வதும் இம்சையாகும். தண்ணீரை வடிகட்டும்பொழுதும் நிலம் நோக்கி நடக்கும்பொழுதும் கண்ணுக்குப் புலனாகாத உயிர்களை எண்ணும் நாம், எதிரில் அமர்ந்திருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தவறலாமா? ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் கையில் ஒரு சிறு அதிகாரம் உள்ளது. யார் வெல்வார், யார் நாணுவார், யார் இரண்டு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருப்பார் என்பதன் பெரும்பகுதி, காய் உருள்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே அத்தேர்வும் அறத்தின் எல்லைக்குள் வருவதே.

இனி, புதியவர்கள் கூடிய அவையில் எதை விரிப்பது என்று பார்ப்போம். பணயம் வைத்து ஆடுவதை நான் இங்குப் பேசவே இல்லை. ஏழு வியசனங்களுள் சூது முதலாவது என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். எஞ்சிய ஆட்டங்களை மூவகையாகக் கொள்ளலாம்: முழுதும் உருட்டலின் போக்கில் செல்பவை, முழுதும் அறிவின் திறத்தில் நிற்பவை, இரண்டும் கலந்தவை.

முதல் வகைக்குப் பரமபதம் சான்று. வட நாட்டு ஜைனர் துணியிலும் தாளிலும் வரைந்து ஆடிவந்த ஞானபாஜி இதற்கு உறவு முறையானது. அதில் பெரும்பாலும் 84 கட்டங்கள் இருக்கும். அடியில் நரகங்கள், மேலே தேவருலகங்கள், உச்சியில் சித்தர் உறையும் இடம். உச்சிக்கு அருகில் ஏன் இத்தனை பெரிய பாம்பு என்று குழந்தை கேட்டால், பதினோராம் குணஸ்தானம் வரை ஏறியவரும், மோகத்தை வேரறுக்காமல் அடக்கி மட்டும் வைத்திருந்தால், கீழே இறங்கியே தீர்வார் என்பதை அதைக் கொண்டே விளக்கலாம். இவ்வாட்டத்தில் ஐந்து வயதுப் பேரனும் எண்பது வயதுப் பாட்டனும் ஒரே நிலையினர். புதியவர்க்கு இதைவிட எளிய வாயில் இல்லை. ஆயினும் ஒரு குறை உண்டு. விழுந்த எண்ணுக்கு நகர்வதைத் தவிர ஆடுபவர்க்கு வேறு வேலை இல்லை. வளர்ந்தவர்கள் அரைமணி நேரத்தில் சலித்துப் போகிறார்கள். தான் முடிவு செய்ய ஒன்றும் இல்லாத இடத்தில் மனிதன் நெடுநேரம் அமர்ந்திருப்பதில்லை.

இரண்டாம் வகைக்குச் சதுரங்கமும் ஆடுபுலி ஆட்டமும் சான்று. மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் ஒன்றுகூடி மடக்குவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் இவை இருவர் ஆட்டங்கள். நிகரான திறமுடைய இருவர்க்கே ஏற்றவை. பழகியவர் புதியவரை வெல்வதில் ஆட்டமும் இல்லை, பாடமும் இல்லை.

மூன்றாம் வகையே கூட்டத்திற்கு உகந்தது என்பது என் முடிவு. தாயம் அதற்குத் தக்க உதாரணம். என்ன விழுகிறது என்பது நம் கையில் இல்லை. விழுந்ததை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்பது நம் கையில் உள்ளது. முன்வினை பயன் தருவதும், அதை ஏற்று நிற்கும் முறை நம் முயற்சியாவதும் இதைப் போன்றதே என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. புதியவர்க்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கும். சிந்திப்பவர்க்கும் வேலை இருக்கும். ஒருவர் உருட்டும்போது அனைவரும் பலகையைப் பார்ப்பார்கள்.

எனினும் இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது விதி. ஒன்று, இரண்டு, மூன்று, வெற்று என நான்கு முகமுள்ள கட்டைகள் இரண்டை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அவற்றுள் தாயமாவது இரண்டே. அதாவது எட்டில் ஒரு பங்கு. கணக்கிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு எட்டு முறை உருட்டியும் தாயம் விழாது. அந்த ஒருவர் புதியவராக அமைந்துவிட்டால், பிறர் ஆடுவதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதே அவருடைய முதல் ஆட்டமாகிவிடும். ஆகவே முதற்காயை மட்டும் எல்லோரும் தாயமின்றியே இறக்கிக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டில் இப்போது விதி செய்திருக்கிறோம். விதிகள் ஆடுபவர்க்காக ஏற்பட்டவையே.

இங்கு ஓர் ஐயம் எழலாம். தாயத்தில் எதிரியின் காயை வெட்டுகிறோமே, ஆடுபுலியில் புலி ஆட்டைத் தின்கிறதே, இது தகுமா? மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்காகப் பல பிறவிகளில் துன்புற்ற மன்னனின் கதையை யசோதர காவியத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உயிரில்லாத மாக்கோழியே அத்தனை வினையைச் சேர்த்ததென்றால், மரக்காய் என்ன செய்யாது என்று ஒரு பெரியவர் என்னை ஒருமுறை கேட்டார். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நான் அறிந்த அளவில் இதற்கு விடை இதுவே. மன்னன் பலியிட்டது மாவை என்றாலும், அவன் நெஞ்சில் இருந்தது கொலை நினைவு. தாயத்தில் காயை வெட்டுபவர் நெஞ்சில் அந்நினைவு இல்லை; இருவரும் உடன்பட்டு வகுத்த விதியின்படி ஒரு காய் தொடக்கத்திற்குத் திரும்புகிறது. ஆனால் "இவளைத் தலையெடுக்க விடமாட்டேன்" என்று ஒருவரையே குறிவைத்து வெட்டினால், அது காயோடு நிற்பதில்லை. பார்க்க வேண்டியது காயை அன்று, கருத்தை. ஆகவே, புதியவர் முதல் சுற்றை முடிக்கும்வரை அவர் காயை வெட்டுவதில்லை என்று முன்கூட்டியே எல்லோரும் அறியச் சொல்லிவிடுவது நல்லது.

எல்லோரும் அறிய என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. புதியவரை மகிழ்விக்க வேண்டுமென்றே தோற்பவர்கள் இருக்கிறார்கள். அன்பினால் செய்வதே எனினும் அது பொய்தான். குழந்தைகள்கூட அதை விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் உண்மையான வெற்றியையும் நம்ப மாட்டார்கள். வெளிப்படையாக ஒரு சலுகை கொடுத்துவிட்டு, பின் முழுமனத்தோடு ஆடுவதே மரியாதை. பல்லாங்குழியில் புதியவர்க்குக் குழிக்கு ஓரிரு சோழிகள் கூடுதலாகக் கொடுக்கலாம். என் கை எங்கே முடியும் என்று வாய்விட்டு எண்ணிக் காட்டலாம். அவர் நம்மை வெல்லும் நாளில் அது அவருடைய வெற்றியாகவே இருக்கும்.

பேரப்பிள்ளைகள் இன்று பெரிய பெட்டிகளில் புதிய ஆட்டங்களைக் கொண்டுவருகிறார்கள். அவற்றையும் இதே அளவுகோலால் அளக்கலாம். 1935 முதல் உலகெங்கும் பரவிய மோனோபொலியில், கையில் பணம் தீர்ந்தவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். எஞ்சியவர்கள் இரண்டு மணி நேரம் ஆட, முதலில் தோற்றவர் சுவரைப் பார்த்திருப்பார். நிலத்தைச் சிலரே வளைத்துக்கொள்வதன் தீமையை விளக்கவே, எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1904-இல் காப்புரிமை பெற்ற ஆட்டத்திலிருந்து அது பிறந்தது என்பது வியப்புக்குரியது. 1995-இல் ஜெர்மனியில் வெளிவந்த கேட்டான் ஆட்டத்தில் இறுதிவரை யாரும் வெளியேற்றப்படுவதில்லை, அது நன்று. 2008-இல் வந்த பாண்டமிக் என்பதில் ஆடுவோர் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. அனைவரும் சேர்ந்து கொள்ளைநோயை எதிர்க்கிறார்கள். வென்றால் எல்லோரும் வெல்வர், தோற்றால் எல்லோரும் தோற்பர். ஆனால் அங்கும் அனுபவமுள்ள ஒருவர் "நீ இதைச் செய், நீ அதைச் செய்" என்று ஆணையிடத் தொடங்கிவிட்டால், புதியவர் வெறும் கையாளாகிவிடுவார். நல்ல ஆட்டமும், ஆடுபவர் வாயடக்கம் காத்தால்தான் நல்லதாகிறது. சீட்டுகளில் நிறைய எழுத்து இருந்தால், படிக்கத் தயங்குபவரை அது எல்லோர் முன்னும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

நான் மேற்கொள்ளும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். பத்து நிமிடத்திற்குள் விளக்கிவிடக் கூடியது. ஒரு மணி நேரத்திற்குள் முடிவது. யாரையும் இடையில் வெளியேற்றாதது. உருட்டலும் சிந்தனையும் கலந்தது. எவரையும் தனியே நிறுத்தாதது. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்திருப்பவர்களின் முகங்களைப் பார்த்த பின்னரே பெட்டியைத் திறப்பது.

தொற்றுநோய்க் காலம் குறுக்கிட்டதால், மூன்றாண்டுகள் கழித்து 2022-இல்தான் நாங்கள் மீண்டும் அவ்வாறு கூடினோம். அப்பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒரு பகற்பொழுதில் அவளைத் தனியே அழைத்து, அன்று நடந்ததற்காக வருந்துகிறேன் என்றேன். அவள் திகைத்துப் போனாள். சற்று நேரம் கழித்து, "தோற்றது ஒன்றும் பெரிதில்லை, பாட்டி. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான்" என்றாள்.

அன்று மாலை கூடத்தில் சுண்ணக்கட்டியால் தாயக் கட்டம் வரைந்தோம். நால்வர் அணி இரண்டு. அவள் என் அணியில் அமர்ந்தாள். எந்தக் காயை நகர்த்துவது என்று என்னிடம் கேட்டாள். சொல்ல நா எழுந்தது. "நீயே பார் அம்மா" என்றேன். அவள் நகர்த்திய காய் இரண்டு முறை வெட்டுப்பட்டது. எங்கள் அணி தோற்றது. மறுநாள் விளக்கேற்றிய பின் சுண்ணக்கட்டியைத் தேடி எடுத்து வந்தவள் அவளே.

வரும் விடுமுறையில் உங்கள் கூடத்திலும் யாரேனும் புதியவர் ஒருவர் ஓரமாக அமர்ந்திருப்பார். மருமகளாக இருக்கலாம், அயலூர்ச் சிறுவனாக இருக்கலாம், கண் மங்கிய முதியவராகவும் இருக்கலாம். பலகையை விரிக்கும் முன் அவரை ஒருமுறை பார்ப்போமாக.